பிராக் கடிகாரம்: பொம்மைகளை விட்டுவிட்டு முள்ளைப் பாருங்கள்

கேள்வி, 2025 ஏப்ரல் 4

மே கடைசியில் நானும் வீட்டுக்காரரும் பாரிஸ், பிராக், வியன்னா போகிறோம். மொத்தம் பதினொரு நாள். பிராக்கில் எல்லாரும் சொல்கிற அந்த வானியல் கடிகாரத்தைப் பற்றித்தான் சந்தேகம். அலுவலகத்தில் போய்வந்த மூன்று பேரும் ஒரே மாதிரி சொல்கிறார்கள்: "ஒரு நிமிஷம்கூட இல்லை, பொம்மை எட்டிப் பார்க்கும், கூட்டத்தில் கழுத்து வலிதான் மிச்சம்." அதை விட்டுவிட்டு அந்த நேரத்தில் கோட்டைக்குப் போய்விடலாமா?

2025 ஏப்ரல் 4, இரவு

விட்டுவிடாதீர்கள். போன சனிக்கிழமை, மார்ச் 29, அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் அங்கேதான் நின்றேன். நான் இருக்கும் ஜெர்மனியின் ட்ரெஸ்டனிலிருந்து ரயிலில் இரண்டரை மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

பொம்மைகளைப் பற்றி உங்கள் அலுவலகத்தார் சொன்னது சரிதான். மணி நெருங்கும்போது சாவைக் குறிக்கும் எலும்புக்கூடு கயிற்றை இழுத்து மணியடிக்கும், கையிலிருக்கும் மணல் கடிகையைத் திருப்பும். மேலே இரண்டு சன்னல் திறந்து ஏசுவின் சீடர்கள் பன்னிரண்டு பேரும் வரிசையாகக் கடந்துபோவார்கள். கண்ணாடி பார்ப்பவன், காசுப்பையோடு நிற்கும் கருமி, துருக்கியன் மூவரும் எலும்புக்கூட்டுக்கு "வரமாட்டேன்" என்று தலையாட்டுவார்கள். கடைசியில் சேவல் கூவும். காலை 9 மணி முதல் இரவு 11 வரை மணிக்கு ஒரு தடவை இது நடக்கும். இதை மட்டும் பார்க்கப் போனால் ஏமாற்றம்தான்.

ஆனால் சீடர்கள் எல்லாம் பிற்காலத்தில் வந்து சேர்ந்தவர்கள். 1410-இல் செய்தது மேலே இருக்கும் பெரிய வட்டம். கூட்டம் 11 மணிக்கு அண்ணாந்து பார்த்துவிட்டு 11:02-க்குக் கலைந்துவிடும். நீங்கள் 11:02-க்குப் போய் நில்லுங்கள். இடம் தாராளமாக இருக்கும். பத்து நிமிடம் அந்த வட்டத்தைப் பாருங்கள். அது சுவரில் மாட்டிய பஞ்சாங்கம்.

2025 ஏப்ரல் 5

"எப்படிப் படிப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் புரிந்துகொண்ட வரிசையிலேயே சொல்கிறேன்.

நடுவில் பூமி. மேலே நீலமாக இருப்பது பகல் வானம், கீழே கறுப்பு இரவு. இரண்டுக்கும் நடுவே செம்பழுப்பாக ஒரு பட்டை, அது விடியலும் அந்தியும். இடது பக்கம் கிழக்கு, வலது பக்கம் மேற்கு. இடதில் லத்தீனில் "உதயம்" என்றும் வலதில் "அஸ்தமனம்" என்றும் எழுதியிருக்கிறது. சூரியன் ஒரு நீள முள்ளில் கோத்தது போல இருக்கும். முள் ஒரு நாளில் ஒரு சுற்று சுற்றும். நீலத்தில் இருந்தால் பகல், செம்பழுப்பில் இறங்கினால் அந்தி.

அந்த ஒரே முள் மூன்று விதமாக மணி சொல்கிறது.

ரோமன் எண்களில் நம் கைக்கடிகார மணி. வெளி வளையத்தில் கறுப்பின் மேல் தங்க நிறத்தில் 1 முதல் 24 வரை பழைய ஜெர்மானிய எழுத்து வடிவத்தில் எண்கள் இருக்கும். அது பழைய செக் மணி. சூரியன் மறையும் நேரம்தான் 24, அங்கிருந்து அடுத்த நாள் எண்ணிக்கை தொடங்கும். அஸ்தமனம் தினமும் நகர்கிறதே? அதனால் அந்த வளையமும் வருடம் முழுக்க முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. நாங்கள் நின்றபோது ரோமன் எண்ணில் 11, வெளி வளையத்தில் 16-க்கும் 17-க்கும் நடுவே. அதாவது இருட்ட இன்னும் ஏழரை மணி நேரம் இருக்கிறது. விளக்கில்லாத காலத்தில் ஒரு தச்சனுக்கோ வண்டிக்காரனுக்கோ இதைவிட உபயோகமான மணி வேறென்ன?

மூன்றாவது, நீலத்துக்குள் வளைந்து ஓடும் தங்கக் கோடுகள். பகல் நீளமோ குட்டையோ, அதைப் பன்னிரண்டாகப் பங்கு போடுகின்றன. பிராக்கில் ஜூன் மாதம் அந்த ஒரு பங்கு 80 நிமிடத்தைத் தாண்டும். டிசம்பரில் சுமார் 40 நிமிடம்.

இதற்குமேல் முகப்பில் ஒரு சின்ன வளையம், நடுவிலிருந்து விலகி உட்கார்ந்திருக்கும். அதில் பன்னிரண்டு ராசிகள். அம்மா கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது, அதை நாளைக்கு எழுதுகிறேன்.

2025 ஏப்ரல் 6

அம்மாவுக்கு 68 வயது, மன்னார்குடி. பாம்பு பஞ்சாங்கம் இல்லாமல் எங்கேயும் கிளம்ப மாட்டார். ஜெர்மனிக்கும் எடுத்துவந்திருந்தார்.

மார்ச் 29 சாதாரண நாள் இல்லை. சனிக்கிழமை, அமாவாசை. திருக்கணிதப்படி சனிப்பெயர்ச்சி வேறு. அன்றைக்கே ஐரோப்பாவில் பகுதி சூரிய கிரகணம், பிராக்கில் பதினொன்றரைக்குமேல் ஆரம்பம். ஊரில் தெரியாத கிரகணம் இங்கே தெரியும் என்று நான் சொன்னதிலிருந்து அவருக்கு ஒரே கவலை. "கிரகணம் புடிக்கறதுக்குள்ள சாப்ட்ரணும்" என்று ரயிலிலேயே தயிர்சாத டப்பாவைத் திறந்துவிட்டார்.

11 மணிக்குப் பொம்மைகள் வந்தன. எல்லாரும் கைபேசியைத் தூக்கினார்கள். அம்மா சன்னல் பக்கம் பார்க்கவே இல்லை. "அந்தக் கறுப்பு உருண்டை என்னடா?" என்றார்.

அதுதான் சந்திரன். பாதி வெள்ளி, பாதி கறுப்பாக ஒரு உருண்டை, தன் முள்ளில் ஏறிச் சுற்றுகிறது. பிறை வளர வளர வெள்ளிப் பக்கம் நம்மை நோக்கித் திரும்பும், தேயும்போது கறுப்புப் பக்கம். அதைத் திருப்புவதற்கான இயந்திரம் உருண்டைக்குள்ளேயே, ஒரு எடையோடு அடங்கியிருக்கிறது. அன்றைக்கு வெள்ளி துளிக்கூடத் தெரியவில்லை. சந்திர முள் சூரிய முள்மேல் வந்து படுத்திருந்தது.

அம்மா சொன்னார்: "ரெண்டும் ஒரே எடத்துல இருக்கு. அமாவாசைன்னு போட்ருக்கான்."

நான் ஆறு தடவை அந்தச் சதுக்கத்துக்குப் போயிருக்கிறேன். ஒரு தடவைகூட எனக்கு அது தோன்றவில்லை. கிரகணம் பார்க்கும் கண்ணாடி எங்களிடம் இல்லை, வானத்தைப் பார்க்கவில்லை. மேலே வானத்தில் நடந்துகொண்டிருந்ததை எதிரே சுவரில் பார்த்தோம்.

அப்புறம் ராசி வளையம். குறிகளை நான் படித்துச் சொன்னேன். "சூரியன் மேஷத்துல இருக்கும்மா." அம்மா உடனே, "தப்பு. இன்னிக்கு பங்குனி பதினஞ்சு. சூரியன் மீனத்துல இருக்கு. சித்திரை ஒண்ணுக்குத்தான் மேஷம்" என்றார். அறுநூறு வருடம் ஓடிய கடிகாரம், இத்தனை காலத்தில் கொஞ்சம் பிசகிவிட்டது என்று நினைக்கிறேன். மற்றபடி அபார வேலை.

2025 ஏப்ரல் 9

மேலே கடைசியில் எழுதியது தவறு. கடிகாரம் பிசகவில்லை. அம்மா சொன்னதும் பிசகில்லை. சேலம் நண்பர் ஒருவர் இழையில் கேட்ட கேள்விக்குப் பதில் தேடப் போய்த்தான் புரிந்தது.

பகலும் இரவும் சமமாகும் நாள், ஏறக்குறைய மார்ச் 21. அன்றைக்குச் சூரியன் இருக்கும் இடத்தையே மேஷத்தின் தொடக்கமாக வைத்துக்கொள்வது மேற்கத்திய வழக்கம். பிராக் கடிகாரம் அந்தக் கணக்கு. நம் பஞ்சாங்கம் நட்சத்திரங்களை வைத்து மேஷத்தைக் குறிக்கிறது. முன்னதுக்குச் சாயனம், பின்னதுக்கு நிராயணம் என்று பெயர். சுமார் 1,700 வருடத்துக்கு முன்னால் இரண்டும் ஒன்றாக இருந்தன. பூமியின் அச்சு, வேகம் குறைந்த பம்பரம் மாதிரி தலையைச் சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 26,000 வருடம். அதனால் 72 வருடத்துக்கு ஒரு பாகை வீதம் இரண்டு கணக்கும் விலகிக்கொண்டே வந்து, இப்போது 24 பாகை இடைவெளி. பஞ்சாங்கத்தில் அயனாம்சம் என்று போட்டிருப்பார்களே, அது இந்த இடைவெளிதான்.

மார்ச் 21-லிருந்து ஏப்ரல் 14 வரை எண்ணிப் பாருங்கள். 24 நாள். சித்திரை ஒன்று எங்கிருந்து வந்தது என்று இத்தனை வயதுக்குமேல் பிராக்கில் ஒரு சுவரைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அம்மாவிடம் சொன்னேன். "அயனாம்சம் எனக்குத் தெரியும், அவங்க அதைக் கழிக்கலைன்னு எனக்கெப்படித் தெரியும்?" என்றார்.

2025 ஏப்ரல் 14

எல்லாருக்கும் விசுவாவசு வருட வாழ்த்துகள். இன்றைக்கு அம்மா கணக்கிலும் மேஷம்.

2025 ஏப்ரல் 20

இரண்டு பேர் அந்தக் கண்ணைக் குருடாக்கிய கதையைக் கேட்டிருக்கிறார்கள். ஹனுஷ் என்ற கடிகாரக்காரர் இதைச் செய்தார், வேறு ஊரில் இதுபோல் செய்துவிடக் கூடாது என்று நகரசபை அவர் கண்ணைப் பிடுங்கியது, அவர் இயந்திரத்துக்குள் கைவிட்டுக் கெடுத்தார் என்பது கதை. அது நடந்ததில்லை. 1410 அக்டோபர் தேதியிட்ட ஓர் ஆவணம் கடிகாரத்தை விவரித்து, செய்தவர் காடான் ஊர் மிகுலாஷ் என்று சொல்கிறது. வானக் கணக்கு யான் ஷிண்டல் என்ற பேராசிரியருடையது என்கிறார்கள். வழிகாட்டிகள் இன்னமும் குருட்டுக் கதையைச் சொல்வதைக் கேட்டால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. உண்மையாகச் செய்தவர் பெயர் இருக்கும்போது ஏன்?

அந்த மனிதர் செய்த வேலையை ஒரு வரியில் சொல்லிவிடலாம். உள்ளே மூன்று பெரிய பற்சக்கரங்கள். ராசிக்கு 365 பல், சூரியனுக்கு 366 பல், சந்திரனுக்கு 379 பல். மூன்றையும் ஒரே வேகத்தில் தள்ளுகிறார்கள். அவ்வளவுதான். ஒரு பல் குறைவாக இருப்பதால் ராசி வளையம் வருடத்துக்கு ஒரு சுற்று சூரியனை முந்தும், அதனால் சூரியன் பன்னிரண்டு ராசியையும் கடந்துவிடும். சந்திரனுக்குப் பதின்மூன்று பல் கூடுதல், அதனால் தினமும் பின்தங்கும். 379-ஐ 366-ஆல் வகுத்து 24 மணியால் பெருக்கிப் பாருங்கள். 24 மணி 51 நிமிடம் வருகிறது, அதாவது நாளுக்கு 51 நிமிடம் தாமதம். சந்திரன் தினமும் சுமார் ஐம்பது நிமிடம் தாமதமாக உதிக்கிறதே, அது! காகிதத்தில் போட்டுப் பார்த்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

2025 ஏப்ரல் 21

நேற்று "ஒரு வரியில்" என்று சொல்லிவிட்டு ஒரு பத்தி எழுதியிருக்கிறேன். இன்னொன்றும் விட்டுப்போயிற்று. 1945 மே 8, போரின் கடைசி நாளில், ஜெர்மானியப் படைகள் சுட்டதில் அந்த நகர மண்டபம் பற்றி எரிந்தது. கடிகாரமும் கருகியது. 1948-இல் மறுபடி ஓட வைத்தார்கள். இப்போது நீங்கள் பார்க்கப்போகும் மரச் சீடர்கள் அதற்குப் பிறகு செதுக்கியவர்கள். மண்டபத்தின் ஒரு பகுதியைத் திருப்பிக் கட்டவே இல்லை, கடிகாரக் கோபுரத்தை ஒட்டிப் புல்வெளியாக இருக்கிறது. ஜனங்கள் அங்கே உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிடுவார்கள். நான் ஜெர்மனியிலிருந்து போகிறவன் என்பதால் அந்தப் புல்லைக் கடக்கும்போது கால் கொஞ்சம் தயங்கும்.

அதே சதுக்கத்தில் தரையில் 27 வெள்ளைச் சிலுவைகள் பதித்திருக்கும். 1621-இல் பேரரசரை எதிர்த்துக் கிளர்ந்த 27 பேருக்கு அங்கேதான் மரண தண்டனை நிறைவேற்றினார்கள். மிதிக்காமல் நடங்கள்.

2025 ஏப்ரல் 27

பொம்மை வேண்டும் என்பவர்களுக்கு: வியன்னா. ஹோஹர் மார்க்ட் என்ற பழைய சந்தை வெளியில், இரண்டு கட்டடங்களை மேலே இணைக்கும் பாலமாகவே ஒரு கடிகாரம். ஆங்கர் கடிகாரம், 1911-இல் தொடங்கி 1914-இல் முடித்தது. ஓவியர் ஃபிரான்ஸ் மாட்ச் வடிவமைத்தார். மணிக்கு ஓர் ஆள் வீதம் பாலத்தின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போவார். 1 மணிக்கு ரோமப் பேரரசர் மார்கஸ் அரேலியஸ், 12 மணிக்கு இசை மேதை ஹைடன். நண்பகலில் மட்டும் பன்னிரண்டு பேரும் இசையோடு ஊர்வலம் போவார்கள். பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் முன்னால் போய் நிற்கவும். நம்மூர்த் தெருவில் சுவாமி புறப்பாடு பார்ப்பது மாதிரி நிதானமாக இருக்கும். பிராக்கின் அவசரம் கிடையாது.

பாரிஸில் நோத்ர தாம் போவீர்கள்தானே, 2019 தீவிபத்துக்குப் பிறகு போன டிசம்பரில் திறந்துவிட்டார்கள். அதே தீவில், பழைய அரண்மனைச் சுவர் மூலையில், நீலப் பின்னணியில் தங்கப் பூக்களோடு ஒரு கடிகாரம். பாரிஸின் முதல் பொதுக் கடிகாரம், 1370 வாக்கில் வைத்தது. முகப்பு 1585-இல் மாற்றியது. இரண்டு நிமிடம் போதும்.

லண்டன்காரர் ஒருவர் "பிக் பென்னை மறந்துவிட்டீர்களே" என்கிறார். மறக்கவில்லை. அந்த ஊசலின் மேல் பழைய பென்னிக் காசுகளை அடுக்கி நேரத்தைச் சரிசெய்கிறார்கள், ஒரு காசு வைத்தால் நாளுக்கு 0.4 விநாடி வேகம் கூடும். எனக்குப் பிடித்த விஷயம்தான். ஆனால் அது மணி சொல்லும் கடிகாரம், வானம் சொல்வது இல்லை.

2025 மே 18

அம்மா போன வாரம் ஊருக்குக் கிளம்பிவிட்டார். போகும் முன் சுவிட்சர்லாந்தின் பெர்னுக்கு ஒரு நாள் கூட்டிப்போனேன். அங்கேயும் ஒரு பழைய வாயில் கோபுரத்தில் ராசி முகப்போடு கடிகாரம் உண்டு, காஸ்பர் புரூனர் என்பவர் 1530-இல் முடித்தது. சேவல், கரடிகள் எல்லாம் மணிக்குச் சில நிமிடம் முன்பே ஆடத் தொடங்கிவிடும், தாமதமாகப் போனால் தவறவிடுவீர்கள். அதே தெருவில் நடக்கும் தூரத்தில்தான் ஐன்ஸ்டைன் 1905-இல் குடியிருந்தார். அம்மாவுக்கு அதைவிடச் சந்தோஷம் கொடுத்தது, ஊரின் மேற்குப் பக்கம் சமயங்களின் இல்லம் என்ற கட்டடத்துக்குள் ஈழத் தமிழர்கள் நடத்தும் சிவன் கோயில். பூசை தமிழில். வெளியே வந்தும் வெகுநேரம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

கேள்வி கேட்ட தோழிக்கு: இந்த வாரம் கிளம்புகிறீர்கள் என்று நினைக்கிறேன். பிராக்கில் இரண்டு தடவை நில்லுங்கள், பகலில் ஒன்று, சூரியன் மறையும் நேரத்தில் ஒன்று. முள் செம்பழுப்பில் இறங்குவதும் சதுக்கத்தில் விளக்கு ஏறுவதும் ஒன்றாக நடக்கும். கீழ் வட்டத்தையும் விடாதீர்கள். யோசெஃப் மானெஸ் 1860-களில் வரைந்த பன்னிரண்டு மாதப் படங்களின் நகல் அது. உழவு, அறுப்பு, விறகு வெட்டு என்று மாதத்துக்கு ஒரு குடியானவர் வேலை. நாளுக்கு ஒரு கோடு நகரும், மேலே நிற்கும் குறிமுள் இன்றைய தேதியைக் காட்டும். கைப்பையை முன்பக்கம் போட்டுக்கொள்ளுங்கள்.

2025 ஜூன் 22

தோழி திரும்பி வந்து எழுதியிருப்பதைப் படித்தேன். இரவு ஒன்பது மணிக்கு மழையில் இருவர் மட்டும் நின்று பார்த்தோம், கோட்டைக்கு நேரமில்லாமல் போய்விட்டது என்கிறார். கோட்டையும் பார்த்திருக்க வேண்டும், அதற்கு நான்தான் பொறுப்பு, அவ்வளவு அழுத்திச் சொல்லியிருக்க வேண்டாம். பிராக் போகிற மற்றவர்கள் கோட்டைக்கு அரை நாள் ஒதுக்கிக்கொள்ளுங்கள், கடிகாரத்துக்கு இரண்டு பத்து நிமிடம் போதும்.

இன்னொன்று. நீலத்தில் ஓடும் அந்தத் தங்கக் கோடுகள் பற்றி அம்மா போனில் ஒரு கணக்குப் போட்டார். ராகு காலமும் அதே முறைதானாம். பகலை எட்டாகப் பங்கு போட வேண்டும். காலண்டரில் ஒன்றரை மணி என்று அச்சடிப்பது பகல் ஆறு முதல் ஆறு வரை என்று வைத்துக்கொள்வதால். இன்றைக்கு ட்ரெஸ்டனில் பகல் பதினாறரை மணி நேரம், ஒரு பங்கு இரண்டு மணிக்கும் கொஞ்சம் மேல். ஞாயிற்றுக்கிழமைக்குக் கடைசிப் பங்கு. ஆக எனக்கு இன்று ராகு காலம் ஏழேகாலிலிருந்து ஒன்பது இருபது வரை. நாலரை மணிக்கு நிறுத்திவைத்திருந்த ஒரு வேலையை உடனே ஆரம்பிக்கச் சொன்னார்.

2025 ஆகஸ்ட் 17

வேலையாக கோபன்ஹேகன் போயிருந்தேன். வெள்ளிக்கிழமை மதியம் ஒரு மணி நேரம் கிடைத்தது. கடற்கன்னிச் சிலைக்குப் போகச் சொன்னார்கள். நகர மண்டபத்துக்குப் போனேன்.

வாசலுக்குள் நுழைந்ததும் பக்கத்து அறையில், கண்ணாடிக் கூட்டுக்குள் யென்ஸ் ஓல்சனின் உலகக் கடிகாரம். பித்தளைச் சக்கரங்கள் பளபளவென்று, பதினாலாயிரத்துக்கும் மேல் உறுப்புகள். பூட்டுத் தொழிலாளியாக வாழ்க்கையைத் தொடங்கியவர் ஓல்சன். இதை வடிவமைப்பதில் பல பத்தாண்டுகளைச் செலவழித்தார், முடிந்ததைப் பார்க்காமலே 1945-இல் இறந்தார். 1955 டிசம்பர் 15 அன்று டென்மார்க் அரசரும் ஓல்சனின் பேத்தியும் சேர்ந்து ஓடவிட்டார்கள்.

நான் தேடிப் போனது ஒரே ஒரு சக்கரத்தை. அந்த இயந்திரத்தின் மிக மெதுவான சக்கரம் ஒரு சுற்று முடிக்க 25,753 வருடம் எடுக்கும். ஏப்ரல் 9-ஆம் தேதிக் குறிப்பில் எழுதினேனே, பூமியின் தலைச் சுற்று. அதையே ஒரு பித்தளைத் துண்டாகச் செய்து பூட்டியிருக்கிறார். அயனாம்சம் நகர்வது அதில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஓடத் தொடங்கி எழுபது வருடம் ஆகப்போகிறது, கிட்டத்தட்ட ஒரு பாகை திரும்பியிருக்கும்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன். மன்னார்குடியில் மாலை, பின்னால் குக்கர் விசில் கேட்டது. விவரம் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் பார்த்தார். பொதுவாக அம்மா அவ்வளவு நேரம் பேசாமல் இருக்க மாட்டார்.

"நான் பொறந்தப்போ இது ஓடிட்டிருந்துதா?"

"ஆமாம்மா. உனக்கு ரெண்டு வயசு மூப்பு."

"யாருடா சாவி குடுக்கறா?"

வாரத்துக்கு ஒரு தடவை கொடுக்கிறார்கள் என்று சொன்னேன். எந்தக் கிழமை என்று கேட்டார். விசாரித்துச் சொல்ல வேண்டும்.